ஓமியோடெஸ் ஃபிதெலினே

"ஏம்மா, பேரோட கடைசியில ஒரு எழுத்து கூடுதலா விழுந்திருக்கே?"

லா க்ரூஸ் ஊர்ப் பதிவாளர் அலுவலகத்தில் பெயர் பதியும் யோர்லெனி, படிவத்தைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

எதிரே நின்றவள் பெயர் ஃபிதெலினா. இடுப்பில் இருந்த எட்டு மாதப் பெண்குழந்தை, சோள பிஸ்கட்டை ஈறால் கடித்துப் பாதியை அவள் தோளில் பூசியிருந்தது.

குழந்தையின் பெயர் என்ற கட்டத்தில், தன் பெயரின் கடைசியில் ஒரு 'e' சேர்த்து 'ஃபிதெலினே' (Fidelinae) என்று எழுதியிருந்தாள்.

"தப்பா எழுதலை மேடம். 'ஓமியோடெஸ் ஃபிதெலினே'ன்னு ஒரு அந்துப்பூச்சி இருக்கு, அதோட பேரு."

வரிசையில் பின்னால் நின்ற பெரியவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பெத்த பிள்ளைக்கு வேற பேரா கிடைக்கலை? நல்லவேளை, கரப்பான்பூச்சி இவ கண்ணுல படலை!"

ஃபிதெலினா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். கட்டைவிரல் நக அளவில், பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சி.

காட்டில் புழுக்களைப் பொறுக்கி வந்து, பைக்கு ஒன்றாகப் போட்டு இலை கொடுத்து வளர்ப்பதுதான் அவள் வேலை. இந்தப் புழு என்ன இனம் என்று யாருக்கும் தெரியவில்லை. பதினொன்று செத்துப்போயின. பன்னிரண்டாவது சிறகோடு வந்தது. புதுப் பூச்சிகளுக்குப் பெயர் வைக்கும் அருங்காட்சியகத்துக்காரர்கள், வளர்த்தவள் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

பிள்ளையைக் கேலிக்கு ஆளாக்கும் பெயரை மறுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. யோர்லெனி பேனாவைத் திறந்தாள்.

"பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்கம்மா. இந்த ஒரு எழுத்தை அடிச்சுட்டா அழகா உங்க பேரே வந்துடும். அடிச்சுடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் மேடம்!" ஃபிதெலினாவின் கை கண்ணாடிக்கு அடியில் நுழைந்து படிவத்தைப் பொத்திக்கொண்டது. "பேரு அப்படி முடிஞ்சா, லத்தீன்ல 'ஃபிதெலினாவோடது'ன்னு அர்த்தமாம். எனக்கு அந்த எழுத்துதான் வேணும்."

யோர்லெனிக்குப் புரியவில்லை. படிவத்துக்கு அடியில் இருந்த தாள்களைப் புரட்டினாள்.

முதலில் நீதிமன்றத்தின் தத்து உத்தரவு. அதற்கும் கீழே, மருத்துவமனை கொடுத்த பழைய பிறப்புத் தாள். அதில் குழந்தைக்குப் பெயர் இல்லை. தாய் என்ற இடத்தில் ஒரு கோடு.

பேனாவை மூடினாள். விசைப்பலகையை இழுத்து, நிதானமாகத் தட்டினாள். பெரியவர் அந்தத் தாள்களை எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அச்சாகி வந்த தாளை யோர்லெனி நீட்டினாள்.

"அம்மான்னு போட்டிருக்கு பாருங்க, அங்க கையெழுத்துப் போடுங்க."