புதருக்குள் பாடியது

புதருக்குள்ளிருந்து பறவையின் குரல் மறுபடி எழுந்தபோது, அவனுடைய கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

ஏரிக்கரையில் நின்ற ஏழெட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொலைநோக்கிகளை அந்தப் பக்கம் திருப்பினார்கள்.

பாடுவது பறவையல்ல. வழி பார்த்துவிட்டு வருகிறேன் என்று முன்னால் போய், புதரடியில் அவன் செருகிவைத்த ஸ்பீக்கர். பையில் இருந்தது அதன் ரிமோட். அதில் ஒரே பொத்தான்தான். அழுத்தினால் பாடும், இன்னொரு தடவை அழுத்தினால் நிற்கும்.

வலசைக் காலத்தில் குரலைப் போட்டுப் பறவையை வெளியே இழுக்கக் கூடாது. கடல் தாண்டி வந்த களைப்பில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சத் தெம்பையும் அது இல்லாத எதிரியைத் தேடியே தீர்த்துவிடும். குழுவில் இந்த விதியைக் கொண்டுவந்தவனே அவன்தான். இன்று காலை வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோருக்கும் அதை நினைவுபடுத்தியவனும் அவன்தான்.

எல்லாம் மாமனாருக்காக.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்கு அவன் வாயைப் பிளந்து வானத்தைப் பார்க்கிற ஆள். "நம்ம மாப்பிள்ளை லீவு விட்டா கொக்கு எண்ணப் போயிடுவார்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவர் இன்று தானாகவே கிளம்பி வந்திருக்கிறார். ஒன்றையும் காட்டாமல் அவரைத் திருப்பி அழைத்துப் போக அவனுக்கு மனசு வரவில்லை.

பறவை வந்தேவிட்டது.

நாணலை விட்டு வெளியே வந்து, வெட்டவெளியில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றது. கழுத்தில் நீலம். தலையைத் திருப்பித் திருப்பி யாரையோ தேடியது.

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "வர்ணம் பூசின மாதிரில்ல இருக்கு, மாப்பிள்ளை."

குரலில் கேலி இல்லை. அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதுதான் பிறகு அவனை அதிகமாகக் கூச வைத்தது.

வல்லூறு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யாருமே கவனிக்கவில்லை. கல் காலியாக இருந்தது. சாம்பல் நிற இறக்கைகள் மரங்களுக்குள் போய் மறைந்தன.

இயற்கை அப்படித்தான் என்று ஒருவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். மாமனார் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கி அவன் பார்த்ததில்லை.

நின்ற இடத்திலேயே புதைந்துபோகலாம் போலிருந்தது அவனுக்கு. முதலில் அந்தக் குரலை நிறுத்த வேண்டும். பைக்குள் கைவிட்டு அழுத்தினான். பதிவு தானாகவே முடிந்து நின்றுபோயிருந்தது பதற்றத்தில் அவனுக்கு உறைக்கவில்லை.

புதர் மறுபடி பாடியது.

எல்லோர் முகத்திலும் உயிர் வந்தது. இன்னொன்று இருக்கிறது, ஜோடியாக இருக்கும் என்று கிசுகிசுத்தார்கள். மாமனார் உதட்டில் விரல் வைத்து அவர்களை அடக்கினார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு சருகுகூட நொறுங்காமல் பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்துப் புதரை நோக்கிப் போனார்.

வேண்டாம் மாமா என்று கூப்பிட நினைத்தான். அதற்குள் கை பைக்குள் பொத்தானைத் தேடியது. அவன் விரலுக்குப் பொத்தான் அகப்பட்டபோது அவர் குனிந்து இலைகளை விலக்கியிருந்தார்.

பாட்டு நின்றது.

அவர் நிமிர வெகுநேரம் ஆனது. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு எடுத்தார். திரும்பி வரும்போது சருகுகளை மிதித்துக்கொண்டே வந்தார்.

"பறந்துடுச்சு," என்றார் பொதுவாக எல்லோரிடமும். அவனை மட்டும் பார்க்கவில்லை.

ஒன்றும் நடக்காததுபோல் செருப்பை மாட்டிக்கொண்டார். அவருடைய பையின் புடைப்பிலிருந்து அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அது யாருடையது என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. காடு மேடெல்லாம் தனியாகச் சுற்றுகிற மாப்பிள்ளைக்குப் பாட்டாவது துணையாக இருக்கட்டும் என்று, போன பிறந்தநாளுக்கு அதை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.