கோவில்பட்டிக்காரனின் வசைப்பாட்டு

“அவன் வாயக் கிழிக்கலன்னா நான் எங்க அம்மைக்குப் பொறக்கலலே!”

முற்றத்தில் நின்று செல்போனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான் பேச்சிராஜ். உள்ளே பூக் கட்டிக்கொண்டிருந்த அவன் அம்மா கோமதித்தாய் நாரைக் கீழே வைத்தாள். மகன் கோபக்காரன் ஆனதே இந்த ஒரு வாரமாகத்தான்.

பேச்சிராஜ் ராப் பாடுகிறவன். சங்கரன்கோவில் தறிக்கூடத்தையும் அங்கே காது செவிடானவர்களையும் பற்றி உருகி உருகிப் பாடினான்; நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கோவில்பட்டி மாரிராஜ் இவனைத் திட்டி இணையத்தில் ஒரு பாட்டு விட்டதும், டீக்கடைக்கு டீக்கடை இரண்டு பேர் பெயரும் அடிபடுகிறது.

மகனை மட்டும் திட்டியிருந்தால் போகட்டும் என்றிருப்பாள். ‘புருசன் பொணத்து மாலையப் பிரிச்சு வித்தவ பெத்த பிள்ளை’ என்று ஒரு வரி வந்தது.

பொய்யாக இருந்தால் காறித் துப்பியிருப்பாள். ஆனால் நடந்ததுதான். வீட்டுக்காரர் செத்த மறுநாள் வீட்டில் பொட்டு அரிசி கிடையாது. பாடை தூக்கும்போது கழற்றிப் போட்ட மாலைகளைப் பிரித்து, நல்ல பூவாகப் பொறுக்கிக் கட்டி, சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, தன்னை யாருக்கும் தெரியாத ராயகிரி ஊரில் போய் விற்றாள். சாமிக்கென்று வாங்கினவர்களும் உண்டு. அந்தப் பாவம் இன்றைக்கும் அவள் நெஞ்சை அறுக்கிறது.

பாட்டு வெளிவந்த அன்று அம்மாவும் மகனுமாகத்தான் முதன்முதலில் கேட்டார்கள். அந்த வரி வந்தபோது அவன் உதடும் கூடவே அசைந்தது. பிள்ளைக்கு ஆத்திரத்தில் உதடு துடிக்கிறது என்று கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கு மாலை பிரித்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு முருகம்மாள்தான் வாயை விட்டிருப்பாள் என்று அவளோடு பேச்சை முறித்தாயிற்று. அவள் நடத்தும் பூக்கடையிலும் ஈ ஓட்டுவதுதான் வேலை. தினம் வாங்குகிற சுமதிகூட, “இன்னைக்குப் பூ வேண்டாம்க்கா” என்று முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

“ஏலே, வெட்டு குத்துன்னு எறங்கிராத. உன்னய விட்டா எனக்கு யாருலே இருக்கா?”

“நீ சும்மா இரும்மா. இப்பத்தான் ஊரே நம்மளப் பாக்கு!”

இனி இவனிடம் பேசிப் பயனில்லை. மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் கோவில்பட்டி பஸ் ஏறினாள்.

மாரிராஜ் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பாட்டில் புலியாகப் பாய்ந்தவன் நேரில் ஒல்லிக்குச்சியாக இருந்தான். அவள் இன்னாரென்று சொன்னதும் பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

“ஐயா, எம்மவன் கொதிச்சுப் போயி நிக்கான். உனக்கு ஒண்ணு ஆனாலும் அவனுக்கு ஒண்ணு ஆனாலும் வயிறெரியப் போறது பெத்தவதான். அந்தப் பாட்ட எடுத்துருப்பா. உன் கால்ல விழுதேன்.”

குனிந்தவளைப் பாதியிலேயே பிடித்து நிறுத்தினான் மாரிராஜ். அவன் கண்ணும் கலங்கிவிட்டது.

“யம்மா, பெத்த தாயப் பத்திப் பாட மாட்டேன்னு நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்.”

“பொறவு எதுக்குய்யா பாடுன?”

“உண்மையா இருந்தாத்தான் பாட்டு ஓடும்னு, அந்த வரிய எழுதிக் குடுத்ததே உங்க மகன்தாம்மா.”