வாபஸ் கடிதம்

"உங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு மாப்ள?"

செருப்பைக் கழட்டும்போதே கேட்டுட்டேன். மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு வெளியில சிரிச்சுப் பேசற ஆள் நான் இல்ல.

தேவநாதன் என் தங்கச்சி தமிழ்ச்செல்வியோட வீட்டுக்காரர். சிதம்பரத்துல அரசாங்க ஆபீஸ்ல சூப்பிரண்டு. வயசு அம்பத்து மூணுதான். விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்துட்டாராம். அவரு ஆபீஸ் பியூன் பக்கிரி என் கடைக்குப் பைப் வாங்க வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். அதே சிதம்பரத்துல மச்சான்னு ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், ஒரு வார்த்தை சொல்லல!

கடைய இழுத்துச் சாத்திட்டு, பஸ் புடிச்சு செம்மண்டலத்துல இருக்கற அவங்க வீட்டுக்கு வந்துட்டேன்.

"உக்காருங்க மச்சான், காபி போடறேன்"னு அவரே அடுப்படிக்குப் போனாரு. என் தங்கச்சி ஹால்ல நின்னு புடவைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தா.

"என்னம்மா இது, ஆம்பளைய காபி போட விட்டுட்டு?"

"பழகட்டும் அண்ணே." தலையக்கூட நிமித்தல.

காபி நல்லாத்தான் இருந்துச்சு. அது வேற எரிச்சல்.

"இன்னும் முழுசா ஏழு வருஷம் சர்வீஸ் இருக்கு. இந்த வேலைக்கு அவனவன் கோயில் கோயிலா சுத்தறான். நீங்க வேணாங்கறீங்க. சாப்பாட்டுக்கு என்ன வழி?"

"பென்ஷன் வரும். சம்பளத்துல பாதி."

"பாதியில எப்படி ஓடும்?"

"ஓடுது மச்சான். ரெண்டு வருஷமா பாதிச் சம்பளத்துலதான் குடும்பம் ஓடுது. மீதிய தொடாம டெபாசிட்ல போட்டுக்கிட்டு வரேன். மொத மூணு மாசம் கழுத்தப் புடிச்சுது. கார வித்தேன், சரியாப் போச்சு."

கார் ரிப்பேர்ல கிடக்குன்னுல்ல எங்கிட்ட சொன்னாரு!

"வீட்டு லோன்?"

"போன தையில முடிஞ்சுது."

"வைத்தியச் செலவு?"

"இன்சூரன்ஸ் இருக்கு. போதாதுன்னு தனியா ஒரு பாலிசியும் போட்டாச்சு."

"பொண்ணு சத்யப்பிரியா கல்யாணம்?"

"நகை சேத்தாச்சு. மீதிய என் சம்பளத்துல பாத்துக்கறேன்னு உங்க மருமவளே சொல்லிட்டா."

எந்தப் பக்கம் போனாலும் மனுஷன் கேட்டைப் போட்டு வச்சிருக்காரு. நான் விடுவேனா?

"சரி, பணம் கிடக்கட்டும். மனசு? தெனம் நாலு பேரு சாரு சாருன்னு கும்பிட்ட ஆளு நீங்க. அது இல்லாம பைத்தியம் புடிச்சுறாது?"

சிரிச்சாரு. "அதுக்கும் ஒத்திகை பாத்துட்டேன் மச்சான். போன வருஷம் நாப்பது நாள் லீவு போட்டேன்ல? போனை அணைச்சு பீரோவுல வச்சுட்டேன். மொத வாரம் எட்டு மணியானா ஷூவ மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பேன். ரேஷன் கடையில ஒருத்தன், 'யோவ் பெருசு, லைன்ல வாய்யா'ன்னான். அழுகையே வந்துருச்சு. மூணாவது வாரம் அவன்கிட்டயே பையக் குடுத்து எடம் புடிக்கச் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

எனக்கும் சிரிப்பு வந்துச்சு. அடக்கிக்கிட்டேன். வந்த காரியம் கெட்டுறக் கூடாது பாருங்க.

பையிலேர்ந்து லெட்டரை எடுத்தேன். வர்ற வழியில திருப்பாதிரிப்புலியூர்ல பஸ்ஸ விட்டு எறங்கின கையோட டைப் அடிச்சு வாங்கினது.

"உங்க நோட்டீஸ் வெள்ளிக்கிழமையோட முடியுது. அதுக்குள்ள வாபஸ் வாங்கலாம். விசாரிச்சுட்டேன். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"வேணாம் மச்சான்."

"வயிறு எரியுது மாப்ள! அரசாங்க வேலைய எவனாவது பாதியில விடுவானா? படிச்ச படிப்பு, எழுதின பரீட்சை, எல்லாம் வீணாப் போறதா? அப்புறம் வீட்டுலயே உக்காந்திருந்தா ஒருத்தன் மதிப்பானா?"

தமிழ்ச்செல்வி இஸ்திரிப் பெட்டிய நிமித்தி வச்சா.

"அவரு வீட்டுல உக்காரப் போறதில்ல அண்ணே. எங்கூட கொல்லிமலைக்கு வர்றாரு. எனக்கு அங்க கவர்மென்ட் ஸ்கூல்ல கணக்கு டீச்சர் போஸ்டிங். திங்கக்கிழமை சேரணும்."

"உனக்கா? நாப்பத்தொம்பது வயசுலயா?"

"ரெண்டு வருஷமாப் படிச்சு எழுதினேன். அவரு பாத்த ஒத்திகையெல்லாம் அதுக்குத்தான். ரிசல்ட் வந்தப்ப, தெரியாத ஊர்ல தனியா எப்படி இருக்கறது, வேணாம்னுதான் சொன்னேன். எந்த ஊரானாலும் நான் கூட வரேன்னு சொல்லிட்டு மறுநாளே நோட்டீஸ் குடுத்துட்டாரு."

"கூடப் பொறந்தவன் எங்கிட்ட ஏம்மா மறைச்ச?"

"சொன்னா லெட்டரோட வந்து நிப்பன்னு தெரியும்."

சுருக்குன்னுச்சு. மாப்ளையப் பாத்தேன். அவரு டம்ளரைப் பாத்துக்கிட்டு, "அன்னைக்கு நானும்தான் மச்சான் வாயத் தொறக்கல"ன்னாரு.

"என்னைக்கு?"

என் தங்கச்சிதான் பதில் சொன்னா. கோவமே இல்லாம, பாடம் நடத்தற மாதிரி சொன்னா.

"கைக்குழந்தைய யாரு பாக்கறது, படுத்துக் கிடக்கற மாமியார யாரு பாக்கறதுன்னு, நான் சேந்து ஒரு வருஷங்கூட ஆகாத டீச்சர் வேலைய ராஜினாமா பண்ணச் சொல்லி, இருவத்தி மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி டைப் அடிச்சு எடுத்தாந்து எங்கிட்ட கையெழுத்து வாங்கினது நீதான? அவரு எடுக்கறது விருப்ப ஓய்வு. எனக்கு நீ எடுத்துக் குடுத்தியே, அதுக்கு என்ன பேரு அண்ணே?"