இரட்டைச் சில்லு

"வானின்ர திறப்பை மேசையில வைச்சிட்டுப் போம்," என்றார் ஸம்சுதீன்.

பிரியந்தன் வைக்கவில்லை. சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றான். வெக்ஸ்போர்ட்டில் ஸம்சுதீனின் பலசரக்குக் கடைக்கு ஆறு வருசமாக டெலிவரி வான் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை கேட்காமல் வானை எடுத்துப்போய்த் தன் வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கியதுதான் குற்றம்.

"வாடகைக்கு இருந்த பேஸ்மென்டை வீட்டுக்காரர் உடன விடச் சொல்லிட்டாங்கள் அங்கிள். உங்களுக்கு நாலுதரம் கோல் எடுத்தனான். நீங்க எடுக்கேல்ல. வானுக்குப் பெற்றோலும் அடிச்சுத்தான் விட்டனான்."

"கேக்காமல் எடுத்தா அதுக்குப் பேர் களவு." ஸம்சுதீன் சுவரில் தொங்கிய பெரிய படத்தைக் காட்டினார். ஒரு லொறியில் சாய்ந்தபடி அவருடைய தகப்பனார் சிரித்துக்கொண்டிருந்தார். "எங்கட வாப்பாவைப் பாரும். நாப்பத்திமூண்டாம் ஆண்டு, உலகச் சண்டை நடக்கேக்க, திருகோணமலையில தன்ர காசில வாங்கின லொறி. ஒருத்தற்ற ஆணியைக்கூட அவர் கேக்காமல் தொட்டதில்லை. அவற்ற படத்துக்குக் கீழ களவு நடக்க நான் விடமாட்டன்."

சாமான் வாங்க வந்து, அரிசி மூட்டையை வண்டிலில் ஏற்றிக்கொண்டிருந்த யோகமலர் அதை அப்படியே விட்டாள். புது வீட்டுக்குப் போன கையோடு வேலையும் போனால் அந்தப் பிள்ளை என்ன செய்வான்?

நல்லதாக நாலு வார்த்தை சொல்லட்டும் என்று கணவரைத் தேடினால், நவரட்ணம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தப் படத்தோடு மூக்கை உரசிக்கொண்டு நின்றார்.

யோகமலருக்கு விளங்கிவிட்டது. லொறி.

மனிதருக்கு அதுதான் பைத்தியம். உலகம் முழுக்க உள்ள கிறுக்கர்கள் யுத்தகாலத்துப் பிரித்தானிய லொறிகளின் படங்களை இணையத்தில் போடுவார்கள். இவர் வேலை மெனக்கெட்டு இருந்து, இது ஆமிக்குச் செய்தது, அது சனத்துக்குச் செய்தது என்று பிரித்துக் கொடுப்பார். லொறி விசயத்தில் மட்டும் வாயில் பொய் வராது. மார்க்கம் நகரில் ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளையின் தாத்தா ஓட்டியது யுத்த லொறி இல்லை, பேக்கரிப் பாண் லொறி என்று மேடையிலேயே சொல்லிவிட்டு வந்தவர். அந்தக் குடும்பம் இன்றைக்கும் இவர்களோடு கதைப்பதில்லை.

"ஒருத்தன்ர வேலை போகுது. இப்ப உது தேவையோ?" யோகமலர் பல்லைக் கடித்தாள்.

"பொறுமப்பா." நவரட்ணம் திரும்பவில்லை. "ஸம்சுதீன், நாப்பத்திமூண்டு எண்டது நிச்சயமோ?"

"பின்னால வாப்பாவின்ர கையெழுத்தில இருக்கு. ஏன் அண்ணை?"

"இது பெட்போர்ட். சண்டை நேரம் ஆமிக்கும் சனத்துக்கும் ஒரே சப்பை மூஞ்சியோட செய்து விட்டவங்கள். முன்னுக்குப் பாத்தா ஆராலும் பிரிக்கேலாது. பின்சில்லைத்தான் பாக்கோணும்."

ஸம்சுதீனுக்குப் பெருமை தாங்கவில்லை. கதிரையை விட்டு எழும்பி வந்தார். "பாத்தா?"

"எண்ணிப் பாருங்கோ."

ஸம்சுதீன் பின்சக்கரங்களில் விரலை வைத்து எண்ணினார். "ஒரு பக்கத்துக்கு ரெண்டு சில்லு."

"ம்." நவரட்ணம் கண்ணாடியை இறக்கினார். "இரட்டைச் சில்லெண்டா ஆமி லொறி."

"அதுக்கென்ன? ஆமியிட்ட வாங்கியிருப்பார்."

"சண்டை முடிஞ்ச பிறகெண்டா சரி, வித்தவங்கள். நடுச் சண்டையில ஆமி தன்ர லொறியை ஆருக்கு விக்கும்? நாப்பத்திமூண்டில அது ஆமிக் காம்பை விட்டு வெளிய வாறதெண்டா..." நவரட்ணம் தொண்டையைச் செருமினார். "கேட்டு எடுத்திருக்கேலாது."

ஸம்சுதீன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அறுபது வருசமாக நேர்மையாகத் தெரிந்த வாப்பாவின் சிரிப்பில் இப்போது கொஞ்சம் குறும்பும் தெரிந்திருக்க வேண்டும். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்," என்றார் நவரட்ணம் மெதுவாக. "அந்த நேரம் அவருக்கு என்ன அவசரமோ. கேக்கிறதுக்கு ஆள் அகப்பட்டிருக்காது."

கைக்குட்டை திரும்பப் பைக்குள் போனது. பிறகு ஸம்சுதீன், பிரியந்தனின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"மார்க்கம் ஓடர் ரெண்டு கிடக்கு. மீன் ஐஸ் உருக முதல் கொண்டுபோய்க் குடும். இனிமேல் நான் போன் எடுக்காட்டி என்ர மனுசி ஸபியாவுக்கு எடும்."

பிரியந்தன் திறப்போடு பறந்தான்.

யோகமலர் காரில் ஏறி பெல்ட்டைப் போட்டாள். முதல் சிக்னல் வரை பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை. பதினைந்து வருசமாகச் சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்ட பாடம் அது, அவளுக்கு நித்திரையிலும் மறக்காது.

"ஏனப்பா, ஆமிக்குச் செய்ததுக்கெல்லோ பின்னுக்கு ஒற்றைச் சில்லு? இரட்டைச் சில்லு சனத்துக்குச் செய்தது."

"ஓம்."

"அப்ப அந்த மனுசன் உண்மையாக் காசு குடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்."

"ஒரு சதம் குறையாமல் குடுத்திருப்பார்."

"செத்துப்போன மனுசனை அநியாயத்துக்குக் கள்ளனாக்கிப் போட்டியளே."

சிக்னல் பச்சையானது. நவரட்ணம் காரை எடுத்தார்.

"செத்தவற்ற வேலை போகாதுதானே."