கிளுவையடிப் புழு

குழந்தையின் வாயோரம் மஞ்சளாகச் சாறு வழிந்தது. ஏதோ பழம் தின்கிறாள் என்று நினைத்து, சிரித்துக்கொண்டேதான் குஷே கிட்டே போனாள்.

நூக்காவின் கையில் உடைந்த புழுக்கூடு இருந்தது. அம்பில் பூசுவதற்காக, கிளுவைப் புதரடியில் அவள் புருஷன் தேபே தோண்டியெடுத்து வந்த வண்டுப்புழு. மான் தடம் பார்க்க யாரோ கூப்பிடவும், பையைக் கிளையில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். பை நழுவிக் கீழே கிடந்தது.

குஷே அதைத் தட்டிவிட்டாள். அவள் பிறந்த கூட்டத்தில் கண்ணி வைத்துத்தான் வேட்டை. இந்த விஷத்தைப் புருஷனின் கூட்டத்துக்கு வந்துதான் பார்த்தாள். இதற்கு மருந்து கிடையாது என்பது மட்டும் தெரியும். போன பிறையில், தொடையில் ஒரே ஓர் அம்பு தைத்த ஒட்டகச்சிவிங்கி மணலில் காலை உதைத்து உதைத்துச் செத்ததைப் பார்த்திருந்தாள்.

குழந்தையை மடியில் போட்டு வாய்க்குள் விரலை விட்டாள். நூக்கா திமிறினாள், புதுப்பல்லால் நறுக்கென்று கடித்தாள். குஷே விரலை எடுக்கவில்லை. நாக்கடியில் ஒட்டியிருந்த பிசுபிசுப்பையெல்லாம் வழித்து எறிந்தாள். அதற்குள் பாதியைக் குழந்தை விழுங்கியிருந்தது.

இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். மணல் சுட்டது தெரியவில்லை. நின்று நின்று, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓடினாள்.

எதிரே வந்த தேபேவுக்கு அவள் சொன்னதில் பாதிதான் புரிந்தது. குழந்தையை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி, உதடு, ஈறு, நாக்கு எல்லாம் பார்த்தான். எங்கேயும் புண் இல்லை. அப்புறம்தான் அவனுக்கே மூச்சு வந்தது.

"அழாத. தின்னா இது ஒண்ணும் பண்ணாது. அம்பு தைச்ச இடத்தை மட்டும் அறுத்துப் போட்டுட்டு மீதிக் கறியைத் தின்னோமே, நீயும்தான தின்ன?"

"அப்ப அந்த ஒட்டகச்சிவிங்கி?"

"அதுக்கு ரத்தத்துல கலந்துச்சு. ரத்தத்துல கலந்தாத்தான் கொல்லும்."

குஷே அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. குழந்தையை வாங்கிக் கன்னத்தைத் தடவித் தடவி முத்தமிட்டாள்.

அவள் போட்ட சத்தத்தில், தடம் பார்த்து வைத்த மானெல்லாம் இந்நேரம் ஊரைவிட்டே ஓடியிருக்கும் என்று தேபே கேலி செய்தான்.

நூக்காவின் கன்னத்தில் சிவப்பாக ஏதோ தீற்றியிருந்தது. கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தான். அடியில் காயமில்லை.

அவன் சிரிப்பு நின்றது.

"குஷே, உன் கையைக் காட்டு."