ஏழாவது பேக்கேஜ்

"இந்த பாக்ஸும் சரியில்லம்மா. சத்தம் வருது, படம் வர மாட்டேங்குது. வேற பாக்ஸ் குடுங்க. அப்படியே பேக்கேஜையும் மாத்திருங்க."

பீட்டர் செட்டாப் பாக்ஸைக் கவுண்டரில் வைத்ததுமே மோகனப்ரியாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. மூன்று மாதத்தில் இது ஏழாவது தடவை.

முதலில் கிரிக்கெட் சேனல் வேண்டும் என்று வந்தார். அடுத்த வாரமே அது வேண்டாம், பழைய படம் போதும் என்றார். பிறகு செய்தி, பிறகு ஜெபக்கூட்டம், பிறகு சிங்கம் புலி காட்டுகிற இங்கிலீஷ் சேனல். கடைசியாகச் சமையல். மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிடுகிற மனுஷனுக்குச் சமையல் சேனல் எதற்கு என்று வாய் வரை வந்ததை அவள் அன்றைக்கு அடக்கிக்கொண்டாள்.

பாக்ஸைக் கடை டிவியில் மாட்டினாள். படம் பளிச்சென்று ஓடியது.

"நல்லாத்தான சார் ஓடுது?"

"இங்க ஓடும். வீட்டுக்குப் போனா ஓடாது."

திருக்கோகர்ணம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, ஒற்றை ஆளாக அவள் நடத்துகிற கடை அது. அன்று காலைதான் கம்பெனியிலிருந்து போன் வந்திருந்தது. ஒரே கனெக்‌ஷனில் ஆறு மாற்றமா, கமிஷனுக்காக நீங்களே மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். இது இப்படியே போனால் டீலர் ஐ.டி.யை முடக்கிவிடுவோம் என்றார்கள். என்ன விளக்கம் சொல்லியும் கேட்கவில்லை.

மாற்றுவதாவது சுலபமாக முடிகிறதா? அதுவும் கிடையாது. கனெக்‌ஷன் பீட்டரின் மனைவி ஷர்லியின் பெயரில் இருந்தது. எதை மாற்றினாலும் ஓ.டி.பி. அந்த அம்மாவின் போனுக்குத்தான் போகும். பேரனுக்கு உடம்பு முடியவில்லை என்று அவர் ஆலங்குடியில் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகப் பீட்டர் சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு தடவையும் பீட்டர் போன் போட்டு, "வந்துச்சா?" என்பார். அந்தப் பக்கம் சொல்வதை ஒரே தடவையில் எழுத மாட்டார். "ஏழா, எட்டா? மறுபடி சொல்லு" என்பார். பிறகு ஒன்றா, ஒன்பதா என்று கேட்பார். அதற்குள் நேரம் முடிந்து, மோகனப்ரியா இன்னொரு ஓ.டி.பி. அனுப்ப வேண்டியிருக்கும்.

டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டத்தில் ஒரு சில்லறை தப்பாமல் டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர் அவர். ஆறு எண்ணை எழுத அவருக்கு வராதா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். போனில் கேட்கிற அந்த அம்மாவின் குரலும் கடுகடுவென்றுதான் இருக்கும்.

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று மோகனப்ரியா தீர்மானித்தாள்.

"சார், ஒண்ணு பண்ணலாம். கனெக்‌ஷன்ல அம்மா நம்பர எடுத்துட்டு உங்க நம்பரப் போட்டுர்றேன். அப்புறம் எந்த பேக்கேஜ் வேணும்னாலும் ஒங்க போன்லயே நீங்களே மாத்திக்கலாம். இங்கிட்டு அலையவே வேணாம்."

பீட்டர் காக்கிச் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார், மறுபடி செருகிக்கொண்டார்.

"போன்ல இதெல்லாம் எனக்கு வராதும்மா."

"நான் சொல்லித் தர்றேன் சார்."

"மாத்தித்தான் ஆகணுமா?"

"ஆமா சார். இல்லைன்னா என் கடையவே மூடிருவாங்க." குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது.

பீட்டர் தலையாட்டினார். "ஒங்க பொழப்பக் கெடுக்க வேணாம். நீங்களே அவகிட்ட பேசிக்கங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய், பஸ் ஸ்டாப் நிழலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

எண்ணை மாற்றுவதற்கான ஓ.டி.பி.யை அனுப்பிவிட்டு மோகனப்ரியா ஷர்லியை அழைத்தாள். முதல் மணியிலேயே போன் எடுக்கப்பட்டது.

"அம்மா, செட்டாப் பாக்ஸ் கடையிலேர்ந்து பேசுறேன்."

"நம்பரு வந்துருச்சு. அவர்கிட்ட குடுங்க, சொல்றேன்."

"சார் வெளிய நிக்கிறாரும்மா. எங்கிட்டயே சொல்லுங்க. இதுதான் கடைசி. ஒங்க நம்பர எடுத்துட்டு சார் நம்பரப் போடப் போறேன். இனிமே ஒங்களுக்கு இந்தத் தொந்தரவே இருக்காது."

லைன் கட்டாகிவிட்டதோ என்று மோகனப்ரியா போனைப் பார்த்தாள். இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அம்மா, நேரம் முடியப்போகுது. சீக்கிரம் சொல்லுங்க."

"மாத்தச் சொல்லி அவரா சொன்னாரு?" குரலில் அந்தக் கடுகடுப்பு இல்லை.

"இல்லம்மா, நான்தான் சொன்னேன். எப்பப் பாத்தாலும் ஒங்களக் கூப்பிட்டுத் தொல்ல பண்றாரேன்னு..."

"வேணாம்மா. என் நம்பரே இருக்கட்டும்."

"ஏம்மா?"

"நான் கோவிச்சுக்கிட்டு வந்து மூணு மாசமாச்சு. எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுன்னு இருக்கிறது இந்த ஆறு நம்பரு மட்டுந்தான்."