நிறுத்தம் இல்லாத இடம்

தூரத்தில் ஒரு பெண் சாலையோரம் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

அங்கே நிறுத்தம் கிடையாது.

அவர் பஸ்ஸின் வேகத்தைக் குறைக்கவில்லை. திருமயத்திலிருந்து புதுக்கோட்டைக்குத் திரும்பும் நாலு மணி ட்ரிப். உள்ளே நிற்க இடமில்லை. கை காட்டுகிற இடத்திலெல்லாம் நிறுத்தினால் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர முடியாது.

இன்னும் கொஞ்சம் நெருங்கியதும் சுடிதாரின் நிறம் தெரிந்தது. பாசிப்பச்சை.

கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

கோபிகா.

பத்தொன்பது நாளாக அவரோடு பேசாத மகள்.

சண்டை ஒரு பழைய ஸ்கூட்டியால் வந்தது. காலேஜுக்குப் போய்வர அவளுடைய மாமா கொடுத்தது. ஹைவேயில் வேண்டாம், பஸ்ஸிலேயே போ என்றார் அவர். இருபத்திரண்டு வருடம் அந்தச் சாலையில் ஓட்டியவர். கண்ணால் பார்த்த எதையும் வீட்டில் வந்து சொன்னதில்லை. சொல்லாததால் அது வெறும் பிடிவாதமாகத் தெரிந்தது.

"இதுவே தம்பி கேட்டா குடுத்திருப்பீல்ல?"

அவருக்குக் கோபம்தான் வந்தது.

"கீழ விழுந்து கையக் கால ஒடச்சுக்கிட்டு என் முன்னால வந்து நிக்காத."

மறுநாள் அவள் ஸ்கூட்டியில்தான் போனாள். அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் அம்மா வழியாக.

"சாப்பாடு ஆறுதுன்னு அப்பாகிட்ட சொல்லும்மா."

அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார். வள்ளிக்கண்ணு இவர் பக்கம் திரும்பி, "ஆறுதாம்" என்பாள்.

பேருந்து நின்றது.

"என்னண்ணே, இங்க நிறுத்திட்டீங்க?" பின்னாலிருந்து கண்டக்டர் ரபீக் கத்தினான்.

முன்படியில் அவள் ஏறினாள்.

முழங்கால் பக்கம் துணி கிழிந்திருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மண்ணும் ரத்தமும். ஒரு செருப்பு காலில். அறுந்த இன்னொன்று கையில். மற்ற கையில் ஹெல்மெட்.

அது அவர் வாங்கியது. சண்டைக்கு மூன்றாம் நாள் வாங்கி, ஒன்றும் சொல்லாமல் ஸ்கூட்டியில் மாட்டிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். அவர் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். போட்டுக்கொண்டு போகிறாளா என்று வள்ளிக்கண்ணுவிடம் கேட்கவும் மானம் இடம் கொடுக்கவில்லை.

இப்போது அதன் வலப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குத் தேய்ந்து வெளுத்திருந்தது.

சரியாகக் காதுக்கு மேலே.

ஒரு தடவை பார்த்தார். மறுபடி பார்க்க முடியவில்லை.

வலப்பக்கம், சாலைக்கு அந்தப் புறம், டயர்க் கடை வாசலில் ஸ்கூட்டி சாய்ந்து நின்றது. கடைக்காரர் ஜன்னலோரம் ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்லண்ணே, மணல்ல சறுக்கிருச்சு. தண்ணி குடிக்கச் சொன்னா, மணி என்னன்னு கேக்குது. அப்பா பஸ்ஸு வர்ற நேரம்னு சொல்லிட்டு இந்தப் பக்கம் ஓடிவந்துருச்சு."

அவர் தலையை ஆட்டினார்.

கோபிகா அவரைப் பார்க்காமல் கடந்துபோனாள். மூன்றாவது சீட்டில் ஓர் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தார்.

விசில் கேட்டது. வண்டி நகர்ந்தது.

தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவள் தெரிந்தாள்.

விரல்களை மடக்கி நீட்டினாள். ஐந்தும் அசைந்தன.

கழுத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தாள். கழுத்து திரும்பியது.

பக்கத்து அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தாள். துப்பட்டாவால் வாயைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த இடத்தில் ரத்தம் இல்லை.

பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. அப்போதுதான் பார்த்தார், வேகமானியின் முள் முப்பதில் நின்றது.

மறுபடி கண்ணாடி.

"அப்பா."

பேருந்து முழுக்கக் கேட்டது.

"என்னைய என்ன பாக்குற? ரோட்டப் பாத்து ஓட்டுப்பா."

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். அவருக்குள் பத்தொன்பது நாளாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று பெருமூச்சாக வெளியே போனது. ரோட்டைப் பார்த்தார்.

அடுத்த நிறுத்தத்தில் முன்சீட்டு காலியானது. அவள் நொண்டி நொண்டி வந்து அதில் உட்கார்ந்தாள்.

"ரொம்ப வலிக்குதா?" திரும்பாமல் கேட்டார்.

"எரியுது."

"இறங்குனதும் ஆஸ்பத்திரி. ஊசி போட்டுட்டு வீட்டுக்குப் போவோம்."

"ஊசியெல்லாம் வேணாம்ப்பா."

"போடணும்."

அவள் முனகினாள். அந்த முனகலைக் கேட்க அவருக்கு நன்றாக இருந்தது.

ரபீக் டிக்கெட் கொடுத்துக்கொண்டே முன்னால் வந்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்றான்.

"வண்டி அங்கேயே நிக்குதுப்பா" என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. அடுத்து அவர் என்ன சொல்வார் என்று காத்திருந்தாள்.

"நிக்கட்டும். நாளைக்கு எனக்கு லீவுதான். ரெண்டு பேரும் வந்து எடுத்துட்டுப் போவோம். பிரேக்க நான் பாக்குறேன். மணல்ல எப்படிப் பிடிக்கணும்னு சொல்லித் தர்றேன்."

நாளைக்கு அவருக்கு லீவு இல்லை. காலை ஐந்தே காலுக்கு இதே வண்டி, இதே ரூட். ரபீக்கும் கூடவே.

ரபீக் அவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

பிறகு விசிலை வாயில் வைத்து, தேவையே இல்லாமல், நீளமாக ஒரு தடவை ஊதினான்.